தையல் பழகுவோர்க்கு ஓர் ஊர்க்குழு

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒருநாள், நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் இருப்பைச் சரிபார்த்து, பதிவேட்டில் கையொப்பமிட்டுக்கொண்டிருந்த வேளையில், கூலி பெற வந்த அங்கத்தினர் குடும்பத்து அம்மையார் ஒருவர் சற்றுத் தயங்கி நின்றார். "ஐயா, தைக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்காருகிற சங்கம் ஏதாவது இந்தப் பக்கத்தில் இருக்கிறதா? உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்று கேட்டார். தையற்கூலி தரும் சங்கத்தைக் கேட்கிறாரோ என்று எண்ணி, அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். அவர் குறுக்கிட்டு, "கூலிக்கு இல்லை ஐயா, கூலிக்குத்தான் தறி இருக்கிறதே. எனக்குத் தைப்பதென்றால் ஆசை. வீட்டில் மிஷின் இருக்கிறது. தனியாகவே தைத்துத் தனியாகவே பிரித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

இக்கேள்விக்கு நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பதிவு பெற்ற சங்கங்களின் பட்டியல் நம் கைப்பையிலேயே உண்டு. ஆசையின் பொருட்டுக் கூடுவோரின் பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. எனினும் இவ்விதழைப் படிக்கும் நெசவாளர், விவசாயிகள் குடும்பங்களில் இதே கேள்வியை மனத்துள் வைத்திருக்கும் சகோதரிகள் பலர் இருப்பார்கள் என்று தோன்றியமையால், இது குறித்து நாம் விசாரித்து அறிந்தவற்றையும், ஒருமுறை தவறு செய்து அறிந்ததையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தையல் தனியே இருந்து செய்யும் தொழிலாயிற்றே, இதற்குக் கூட்டம் எதற்கு என்று கேட்பார் உண்டு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்னும் பழமொழியை நாம் வேறு பொருளில் வழங்குகிறோம். தையலில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. ரவிக்கை ஒன்றைத் தமக்கெனத் தைத்துக்கொள்ள முயன்ற எவரையும் கேட்டுப் பாருங்கள். மார்புச் சுற்றையும் இடுப்புச் சுற்றையும் தாமே அளந்துகொள்ளலாம். முதுகின் அகலத்தையும், தோள்பட்டையின் சரிவையும், பின்கழுத்தின் இறக்கத்தையும் தாமே அளக்க இயலாது. அளவு நாடாவைப் பிடிக்கக் கையை உயர்த்திய மாத்திரத்திலேயே தோளும் முதுகும் இடம் மாறிவிடுகின்றன. அளவு அரை அங்குலம் பிசகினால் கைக்குழியில் சுருக்கம் விழுகிறது. சுருக்கம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அணிந்திருப்பவர் காண முடியாது; பின்னால் நின்று குண்டூசி குத்தி அடையாளம் வைக்க இன்னொரு கை வேண்டும். கைப்பேசியில் இக்காலத்தில் கிடைக்கும் காணொளிகள் வெட்டும் முறையை நன்றாகவே கற்பிக்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் நம் முதுகில் குண்டூசி குத்தாது.

இரண்டாவது காரணம் உபகரணங்கள். சாதாரணத் தையல் இயந்திரம் பல வீடுகளில் உண்டு. ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் இயந்திரம் ஒரு குடும்பத்தின் தேவைக்கு மாதத்தில் இரண்டு மணி நேரமே உழைக்கும். அதற்காகத் தனியே வாங்குவது வீண் செலவு. எட்டுப் பேருக்குப் பொதுவாக ஒன்று இருப்பின் அது உழைத்துக்கொண்டே இருக்கும். கொக்கி, பொத்தான், லைனிங் துணி, பூவேலை நூல் முதலியவற்றைச் சேர்ந்து வாங்கினால் விலை குறைகிறது என்பதைக் கூட்டுறவுப் பத்திரிகை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பெண்டிர் தையலின் பொருட்டுக் கூடுவது நம் நாட்டுக்குப் புதியதுமன்று. 1917-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகளில் எழுத்தறிவு, முதலுதவி ஆகியவற்றுடன் தையலும் கற்பிக்கப்பட்டது. 1952-இல் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கிய பின் கிராமங்களில் அமைந்த மாதர் சங்கங்களிலும் தையல் வகுப்பு ஓர் அங்கமாக இருந்தது. கூட்டத்தில் எழுந்து பேசவும், வரவு செலவு எழுதவும் முதன்முதலாகத் தையல் வகுப்பில் பழகிய பெண்கள் இருந்தனர் என்று மூத்த ஊழியர்கள் நம்மிடம் கூறியதுண்டு.

இனி, குழுவை எங்கே தேடுவது?

நாம் விசாரித்தவரையில் முதலில் போக வேண்டிய இடம் ஊரிலுள்ள நூல், பொத்தான் கடையே. பூவேலை நூலை நிறம் நிறமாகப் பொறுக்கி வாங்குகிறவர் யார், ஒரே தடவையில் ஐம்பது கொக்கி அட்டை வாங்கிச் செல்லும் தொழில்முறைத் தையற்காரர் யார் என்பது அக்கடைக்காரருக்கு அத்துபடி. முன்னவர்தாம் உங்களுக்கு வேண்டியவர். அடுத்து, வீடு வீடாகச் சென்று தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஒரு வட்டாரத்தில் எந்த வீட்டில் எந்த இயந்திரம் இருக்கிறது, எது ஓடுகிறது, எது பூச்சாடி வைக்கும் மேசையாக மாறிவிட்டது என்பதெல்லாம் அவர் ஒருவருக்கே தெரியும். இவ்விருவரும் சேர்ந்து தரக்கூடிய விவரத்தை எந்த இலாகாவும் தர இயலாது.

தையற் பயிற்சி நிலையங்களிலும் கேட்கலாம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் படித்துத் தேறியவர்களுள் பலர் அத்தொழிலை மேற்கொள்வதில்லை. திருமணமாகி அடுத்த தெருவிலேயே இருப்பார்கள். சான்றிதழ் பெட்டியில் இருக்கும், கை மறந்திராது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியுடன் நம் மாநிலத்தில் தொடங்கிய இவ்வமைப்பு இன்று ஊர்தோறும் பரவியிருக்கிறது. தைப்பவர்கள் யார் யார் என்று அக்குழுவின் ஊக்குநரிடம் கேட்பது நன்று. ஆனால் குழுவின் கூட்டத்திலேயே தையலையும் நடத்த முயல வேண்டா. சேமிப்பும் கடன் தவணையும் பேசப்படும் இடத்தில் ஒருவர் தவணை தவறினால் மற்றவர் முகம் சுளிக்கும். அந்த முகத்தோடு அளவு நாடாவைப் பிடிப்பது கடினம்.

வேறொருவரையும் நாம் மறந்துவிடலாகாது. கண்பார்வை குன்றியதனால் கடையை மூடிவிட்ட முதிய தையற்காரர் ஒருவரேனும் பெரும்பாலான ஊர்களில் இருப்பார். ஊசியில் நூல் கோக்க அவரால் இயலாதிருக்கலாம். துணியைத் தொட்டுப் பார்த்து, "இதைக் குறுக்கே வெட்டிவிட்டாய் அம்மா" என்று சொல்ல இயலும். வாரத்தில் ஒருநாள் வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்க அவரை அழைத்தால், பெரும்பாலும் மறுக்க மாட்டார். அறுபது ஆண்டுக் கைத்திறன் திண்ணையில் சும்மா கிடப்பதை நாம் பல ஊர்களில் கண்டு வருந்தியிருக்கிறோம்.

நெசவாளர் குடும்பத்துச் சகோதரிகள் இத்தகைய குழுவுக்கு வெறுங்கையோடு செல்வதில்லை என்பதையும் கூற வேண்டும். துணியின் பாவு எது, ஊடை எது என்பதைக் கரை இல்லாத வெட்டுத் துண்டிலும் விரலால் நெருடிச் சொல்ல அவர்களால் முடியும். சட்டைக்கும் ரவிக்கைக்கும் நீளவாட்டு பாவின் வழியே அமைய வேண்டும். மாறினால் துணி தொங்கும் வாட்டமே மாறிவிடும். தறியில் இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல், நனைந்தவுடன் தளர்ந்து சுருங்குகிறது. கஞ்சியும் கரைந்து போகிறது. ஆதலின் கைத்தறித் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். நயமான நூல் துணிக்குப் பதினொன்றாம் எண் ஊசி, நடுத்தரத்துக்குப் பதினான்கு, போர்வை போன்ற கனத்த துணிக்குப் பதினாறு. இவற்றையறியாமல் கைத்தறித் துணியைத் தைத்து, முதல் சலவையில் சுருங்கியதைக் கண்டு, பிழையை நெசவின்மீது சுமத்துகிறவர்கள் எத்தனை பேர்! தைப்பவர்கள் கூடுமிடத்தில் நெசவாளர் வீட்டார் ஒருவர் இருந்தால் அப்பழி குறையும். துணியின் அகலம் போதவில்லை, சாயம் கக்குகிறது என்னும் குறைகளும் நேரே சங்கத்தின் காதுக்கு வந்து சேரும். விற்பனை நிலையத்தில் வாங்குகிறவர் குறை சொல்வதில்லை. அடுத்தமுறை வாங்குவதில்லை, அவ்வளவே.

ஏற்கெனவே நடைபெறும் குழுவொன்று கிடைத்துவிட்டால், உடனே சேர்ந்துவிட வேண்டா. பாதி தைத்த துணியொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை சென்று அமர்ந்து பாருங்கள். புதியவர் தவறாகத் தைத்ததை யார் பிரிக்கிறார் என்று கவனியுங்கள். திறமைசாலி ஒருவர் வெடுக்கென்று வாங்கித் தாமே பிரித்துத் தாமே தைத்துக் கொடுக்கும் குழுவில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் கற்க முடியாது. அவரவர் பிழையை அவரவரே பிரிக்கும்படி விட்டு, அருகிலிருந்து சொல்லித் தருகிற குழுவே நல்ல குழு. சென்ற முதல் நாளே ஏலச்சீட்டில் சேரும்படியோ, யாரோ விற்கும் பொருளை வாங்கும்படியோ வற்புறுத்துவாராயின், துணியை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் ஆண்டின் சட்டம் பதிவும் முன்அனுமதியும் கோருகிறது. தையல் மேசையைச் சுற்றி நடக்கும் சீட்டுகளுள் அவற்றைப் பெற்றது எதையும் நாம் கண்டதில்லை.

குழு கிடைக்கவில்லையாயின், மூன்று பேர் கிடைத்தவுடன் நீங்களே தொடங்கிவிடலாம். இவ்விடத்தில்தான் நம் தவற்றைக் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் இவ்வேலையில் சேர்ந்த புதிதில், நெசவாளர் ஊரொன்றில் ஏழு பெண்மணிகள் சனிக்கிழமைப் பிற்பகலில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் கூடித் தைத்து வந்தனர். குழந்தைகளின் சட்டைகள், தலையணை உறைகள், வெட்டுத் துண்டுகளை ஒட்டித் தைத்த விரிப்புகள் என்று அவர்கள் தைத்தவை காண்பதற்கு அழகாக இருந்தன. நமக்கோ பட்டம் பெற்று வந்த உற்சாகம். இத்தனை திறமை வீணாகலாமா, சங்கமாகப் பதிவு செய்யுங்கள், கடன் கிடைக்கும், இயந்திரங்கள் கிடைக்கும், பள்ளிச் சீருடை தைக்கும் வேலை கிடைக்கும் என்று எடுத்துரைத்தோம். மாதிரித் துணைவிதிகளையும் நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். சட்டம் கோரும் அங்கத்தினர் எண்ணிக்கை ஏழு பேரால் நிரம்பாதாகையால், ஊசி பிடித்தறியாத உறவினர்களையெல்லாம் பட்டியலில் சேர்த்தார்கள். தனியார் பள்ளியொன்றின் சீருடை வேலை வந்தது, கெடு வந்தது, உருப்படிக்கு இவ்வளவு என்னும் கூலி வந்தது. விரைந்து தைப்பவருக்கும் நிதானமாகத் தைப்பவருக்கும் மனவேற்றுமை வந்தது. பள்ளி பணம் தரத் தாமதித்தது. இயந்திரக் கடனின் தவணை தாமதிக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் மகாசபைக்குப் போதிய பேர் வரவில்லை. சங்கத்தைக் கலைப்பதற்கான கோப்பு, நாம் வேறோர் ஊருக்கு மாற்றலாகிச் செல்வதற்குச் சில நாட்கள் முன்பு நம் மேசைக்கே வந்தது. அதில் குறிப்பெழுதிவிட்டு அந்தத் தெரு வழியே சென்றோம். தாழ்வாரத்தில் எவரும் இல்லை. சங்கம் போனது மட்டுமன்று. அந்தச் சனிக்கிழமைகளும் போய்விட்டன.

கூலிக்கான தையற் சங்கங்கள் வேண்டா என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. பள்ளிச் சீருடை தைத்து அதனால் குடும்பம் நடத்தும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் நம் மாநிலத்தில் உண்டு, அவை வேண்டியவையே. அவற்றில் சேருகிறவர் கூலியை நாடிச் சேருகிறார். அது அவருக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். நம் தவறு, ஒரு தேவைக்காகக் கூடியவர்களை வேறொரு தேவைக்கு இழுத்துச் சென்றதே. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் கடை திறந்த 28 பேரை நாம் வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். நல்ல மாவும் வெண்ணெயும் நேர்மையான நிறையில் வேண்டும் என்பது அவர்களுடைய சொந்தத் தேவை. அதை வெளியிலிருந்து போன அதிகாரி எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. இதை வகுப்பில் கூறிய நாமே தாழ்வாரத்தில் மறந்தோம்.

தையலே முன்னால் நின்று, விற்பனை பின்னால் வந்ததற்கும் நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் தாண்டாக்கள் உள்ளன. அம்மக்களின் பூத்தையல் இரண்டு தலைமுறையாக வழக்கொழிந்து, மூதாட்டிகள் சிலரின் கைகளில் மட்டுமே எஞ்சியிருந்தது. இளம்பெண்கள் அவர்களருகே அமர்ந்து ஒவ்வொரு தையலாகக் கற்றுக்கொண்டனர். அவ்வாறு எழுந்த அமைப்புக்குத் தங்கள் மொழியில் பெருமை என்னும் பொருள்படப் 'போர்கை' என்று பெயரிட்டிருக்கின்றனர். இன்று அவர்களுடைய வேலைப்பாடுகள் வெளியூர்களில் விலைபோகின்றன. பல பெண்களுக்கு அதனால் வருமானமும் உண்டு. முதலில் மூதாட்டியின் அருகே அமர்ந்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஆகவே, தொடங்குவோர்க்கு நம் யோசனை: பதிவு வேண்டா, ரப்பர் முத்திரை வேண்டா, தலைவர் காரியதரிசி என்னும் பதவிகளும் வேண்டா. ஆறு முதல் பத்துப் பேர் போதும். அதற்கு மேற்பட்டால் ஓரறையில் இயந்திரங்கள் கொள்ளா, பேச்சும் இரண்டாகப் பிரியும். கூடும் நாளை மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வேலையும், சந்தை நாளும், சங்கத்தில் கூலி பட்டுவாடா நாளும் ஒதுக்கப்பட வேண்டியவை. விவசாயக் குடும்பத்தார் இருந்தால் நடவு, அறுவடை, பருத்தியெடுப்பு நாட்களில் அவர்கள் வாராமற்போவதைக் குறையாகக் கொள்ளலாகாது.

ஒரே வீட்டில் கூடினால் அவ்வீட்டு மாமியாருக்குச் சலிப்பு உண்டாகும் என்று முறைவைத்து வீடு மாற்றுவது வழக்கம். இதில் ஒரு கண்ணி உண்டு. முதல் வீட்டில் தேநீர்; இரண்டாம் வீட்டில் தேநீரும் பஜ்ஜியும்; மூன்றாம் வீட்டில் கேசரி. நான்காம் முறைக்குரியவர், கையில் காசில்லாதவர், காய்ச்சல் என்று சொல்லியனுப்புவார். பிறகு வரவே மாட்டார். குழுக்கள் முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் சண்டையாயிருக்கும் என்று எண்ணியிருந்தோம். விசாரித்தபோது பலகாரமே மிகுதியாக வெளிப்பட்டது. தண்ணீரும் தேநீரும் தவிர வேறில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இயன்றால் வீட்டை விட்டுப் பொது இடம் நாடுங்கள். நெசவாளர் சங்கத்தின் நூலறை ஞாயிறன்று பூட்டியே கிடக்கிறது. நிர்வாகக் குழு மனம் வைத்தால் மாலை இரண்டு மணி நேரம் அதைத் தரலாம்; சங்கத்துக்குச் செலவு ஒரு மின்விளக்கே.

பணத்தைப் பொறுத்தவரை நாம் கண்டிப்பாகத்தான் இருப்போம். அது தொழில் வழக்கம். தலைக்கு வாரம் பத்து ரூபாய் என்றால் எட்டுப் பேருக்கு எண்பது ரூபாய். எண்ணெய், ஊசி, சுண்ணக்கட்டி, அளவு வெட்டிவைக்கும் பழுப்புத்தாள் ஆகியவற்றுக்கு அது போதும். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் மீதியைப் பலர் முன்னிலையில் எண்ணி எழுதி, வேறொருவர் கையொப்பமிட வேண்டும். ஓவர்லாக் இயந்திரம் போன்ற பொதுப்பொருள் வாங்கினால், யார் எவ்வளவு கொடுத்தார், யார் வீட்டில் இருக்கும், பழுதானால் செலவு யாருடையது, ஒருவர் விலகினால் அவருக்கு என்ன கிடைக்கும் என்னும் நான்கையும் வாங்குவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய பின் எழுதுவது மனத்தாங்கல் உண்டான பின் எழுதுவதாகவே முடியும். வெளியார் வேலை தேடி வந்தால், விரும்புகிறவர் அவரவர் பெயரில், அவரவர் வீட்டில், வேறு நாளில் தைத்துக் கொடுக்கட்டும். என்றாவது உங்களுள் போதிய பேர் தாமாகவே கூலிச் சங்கம் வேண்டுமென்று வந்தால் அப்போது எங்களிடம் வாருங்கள், துணைவிதிகள் ஓடிப்போய்விடா.

மார்கழியில் கேட்ட அம்மையாரைப் பொத்தான் கடைக்கு அனுப்பினோம். கடைக்காரர் நான்கு வீடுகளைச் சொன்னாராம். அவற்றுள் ஒன்று அவருடைய தெருவிலேயே, ஏழு வீடு தள்ளி இருந்ததாம். பங்குனியில் மறுபடி சங்கத்துக்குச் சென்றபோது, ஞாயிறு மாலை நூலறையில் ஐந்து பேர் கூடுவதாகத் தெரிந்தது. மூடிய கடைத் தையற்காரர் ஒருவரும் வருகிறாராம். அறையில் வெளிச்சம் போதவில்லை, சன்னலோரத்தில் அடுக்கியிருக்கும் நூல் மூட்டைகளை மறுபக்கம் மாற்றித் தரவேண்டும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த கடிதம் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு வைக்கப்பட்டிருந்தது.